சிப்பிகாட்டு வேலியில் அரளி

அந்தமானில் தண்ணீர்ப் பஞ்சம் என்று கடிதம் எழுதினால் தாயகத்தில் உள்ள உறவினர் எளிதில் நம்புவதில்லை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவு அது. சென்னை நகரம் பெறும் மழையைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆயினும் தை பிறந்துவிட்டால் சித்திரை கழியும் வரையில் அங்கே மழை அருகிவிடும். தென் அந்தமானில் பெரிய ஆறுகள் இல்லை. குன்றுகளிலிருந்து இறங்கும் ஓடைகள் நீளம் குறைந்தவை. பெய்த நீரெல்லாம் தேங்கி நிற்க இடமின்றி விரைந்து கடலைச் சேர்ந்துவிடுகிறது. 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகருக்குப் பெரும்பாலும் தனிகாரி அணையின் நீரே ஆதாரம். கோடையில் அந்த நீர்மட்டம் இறங்க இறங்க, குழாயில் நீர் வரும் நாட்களும் குறைந்துகொண்டே வரும். எட்டு மாதம் நனைந்து, நான்கு மாதம் வறளும் இந்த மண்ணில் வீட்டுக்கு ஒரு பூஞ்செடி வைக்க விரும்புவோர், செடியைத் தேர்ந்தெடுப்பதிலேயே சற்றுக் கவனம் செலுத்த வேண்டும்.

அந்தமானில் புகைவண்டி ஓடுவதில்லையே, புகைவண்டி அலுவலக எழுத்தனுக்கு அங்கே என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். என் தமக்கையார் மணம் முடித்துச் சென்று குடியிருப்பது சிப்பிகாட்டில். எனக்குக் கிடைக்கும் விடுப்பு நாட்களில் பெரும் பகுதியை அங்கேதான் கழிக்கிறேன். நகரிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர் அது. அங்குள்ள 80 ஏக்கர் அரசு வேளாண் பண்ணையில் கிராம்பும் சாதிக்காயும் இலவங்கப்பட்டையும் மிளகும் வளர்வதைச் சுற்றுலாவினர் கண்டு செல்வர். ஊருக்குள் உள்ள வீடுகளின் வேலியை யாரும் பார்ப்பதில்லை. நான் எழுத வந்தது அந்த வேலியைப் பற்றித்தான்.

தமக்கையார் முதலில் விரும்பியது ஆவாரை. எங்கள் சொந்த ஊர்ப் பக்கம் தண்டவாளத்தின் இருமருங்கிலும் ஒருவரும் நீர் ஊற்றாமலே மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் செடி அது. பொங்கலுக்குக் காப்புக் கட்டவும் அது வேண்டும். தாயகத்திலிருந்து விதை கொண்டு சென்று விதைத்தார், முளைத்தது, ஆனி மாத மழையில் வேர் அழுகிப் போயிற்று. வறட்சியை மட்டும் தாங்கத் தெரிந்த செடி அந்தமானுக்குப் போதாது. பெருமழையையும் பொறுத்து, பின்பு வறட்சியையும் பொறுக்கும் செடி வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே கைவந்த செடி எது என்று பார்த்தால், நம் முன்னோர் நன்கு அறிந்த அரளியே முன் வந்து நிற்கிறது.

இதற்குக் காரணம் அரளி இயற்கையாக வளரும் இடத்தில் இருக்கிறது. மத்தியதரைக் கடல் நாடுகள் முதல் இந்தியா வரையில், பருவத்தில் வெள்ளம் பாய்ந்து, பின்னர் வெறும் மணலும் கல்லுமாய்க் காயும் ஓடைப் படுகைகளே அதன் பிறப்பிடம். வெள்ளம் வரும்போது வளைந்து கொடுக்கும். வெள்ளம் வடிந்தபின் ஆழ வேரோடி அடிமண்ணின் ஈரத்தைத் தேடிக்கொள்ளும். இலையின் அமைப்பும் இதற்கு ஏற்றதே. மேற்புறம் தோல்போல் தடித்து மெழுகு பூசியது. அடிப்புறத்தைப் பூதக்கண்ணாடி கொண்டு நோக்கினால் சிறு சிறு குழிகள் தெரியும். இலை மூச்சுவிடும் துளைகள் வெளியில் இராமல் அக்குழிகளுக்குள் மறைந்துள்ளன. குழியினுள் மெல்லிய மயிர்களும் அடர்ந்திருக்கின்றன. வெயிலும் காற்றும் நேரே படாதபடியால் ஈரம் எளிதில் வெளியேறுவதில்லை. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எனினும் ஒரு தாவர நூலில் அக்குழிகளின் படத்தைக் கண்ட நாள் முதல், நிலையத்து நடைமேடை ஓரத்தில் புழுதி மூடி நிற்கும் அரளியை மரியாதையின்றி என்னால் கடந்து செல்ல முடிவதில்லை.

அரளியின் பழம்பெயர்களுள் கணவீரம் என்பது ஒன்று. திருமுருகாற்றுப்படையில் முருகன் வழிபாட்டுக்குரிய மாலைகளுள் ஒன்றாக இப்பூ வருகின்றது. வடமொழியில் கரவீரம் என்பர். திருவாரூரை அடுத்த திருக்கரவீரம் என்னும் தலம் இச்செடியால் பெயர் பெற்றது. அங்கே செவ்வரளியே தலமரம். இலங்கைத் தமிழர் அலரி என்பர். அங்கிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்த நம்மவர்க்கு ஒரு சொல்: கொழும்பில் உள்ள அலரி மாளிகையின் பெயரில் வரும் அலரி வேறு, அது கோயில்களில் உதிர்ந்து கிடக்கும் பெருங்கள்ளி வகைப் பூமரம். சிங்களத்தில் அதனை அரலிய என்பதால் இந்தக் குழப்பம். மஞ்சள் நிறத்தில் மணிபோல் தொங்கும் பொன்னரளியும் வேறு இனமே. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. இக்கட்டுரை செவ்வரளி, வெள்ளரளி ஆகியவற்றைப் பற்றியது.

தமிழ்நாட்டில் சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கத்து உழவர்கள் இதனைப் பயிராகவே செய்து, மொட்டாகப் பறித்துப் பூச்சந்தைகளுக்கு அனுப்புகின்றனர். அந்தமானில் நிலைமை வேறு. நகரக் கடைகளில் விற்கும் பூவிற் பெரும்பகுதி தாயகத்திலிருந்து விமானத்தில் வருவது. விலையும் அதற்குத் தக்கபடியே. பங்குனி உத்திரத்தன்று போர்ட் பிளேரின் வெற்றிமலை முருகன் கோயிலில் கூட்டம் அலைமோதும். அந்நாள் வறட்சியின் நடுவில் வருவது. செம்பருத்தி வாடி, மல்லிகை சோர்ந்து, குடத்து நீரைக் குடிப்பதற்கு வைப்பதா செடிக்கு ஊற்றுவதா என்று வீட்டில் வழக்கு நடக்கும் நேரத்தில், அரளி ஒன்றுதான் கொத்துக் கொத்தாய்ச் சிவந்து நிற்கும். தமக்கையாரின் மாமியார் அரளி வேண்டும் என்று வற்புறுத்தியது இதனால்தான்.

சிப்பிகாட்டுக்கு மற்றொரு தனிக் காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலப்பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவு தாழ்ந்துவிட்டது. ஆழிப்பேரலை வந்து போனது ஒரு நாள். தாழ்ந்த நிலம் பழைய உயரத்துக்கு மீளவில்லை. நெல் விளைந்த சிப்பிகாட்டு வயல்களிற் பல ஓத நீருக்கு அடியிற் சென்று சதுப்பாயின. இன்று அங்கே பறவைகளைக் காண வெளியூரார் வருகின்றனர். அது ஓர் அழகுதான். வயலை இழந்தவருக்கு அந்த அழகைக் காட்டி ஆறுதல் சொல்ல எனக்கு நா எழுவதில்லை. நீர் வந்து நில்லாத மேட்டு வீடுகளிலும் தாழ்ந்த பக்கத்துக் கொல்லைகளில் உப்பு ஏறிற்று. இங்கும் அரளி பிற பூஞ்செடிகளைவிட மேலானது. மண்ணில் ஓரளவு உப்பையும், கடற்காற்றில் வரும் உப்புத் தூளையும் தாங்கிக்கொள்ளும்.

கடல் புகுந்த தீவில் அரளியை நட்டு ஊரை மீட்டவர்கள் நமக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் என்று ஒரு தீவு நகரம். 1841-இல் ஜோசப் ஆஸ்டர்மன் என்னும் வணிகர் ஜமைக்காவிலிருந்து தொட்டிகளில் அரளிச் செடிகளைக் கொண்டு வந்தார். 1900 செப்டம்பர் 8 அன்று வீசிய பெரும்புயலில் கடல் ஊரின்மேல் ஏறி 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அந்நகரத்தார் கடற்சுவர் எழுப்பியதோடு நில்லாமல், கடலடி மணலைத் தோண்டிக் குழாய்களின் வழியே கொட்டி ஊரின் தரையையே உயர்த்தினர். வீடுகளை முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, அடியில் மணல் நிரப்பினர்! அந்த உப்பு மணலில் இருந்த தோட்டங்களெல்லாம் புதைந்தன. அப்பொழுது அவ்வூர்ப் பெண்கள் நலக் காப்புச் சங்கம் ஒன்று அமைத்து, தெருத்தெருவாக மரங்களையும் அரளியையும் நட்டார்கள். இன்றும் அரளி நகரம் என்பதே கால்வெஸ்டனின் பட்டப்பெயர். அரளிக்கெனவே 1967-இல் ஓர் உலகச் சங்கமும் அங்கே தோன்றியது. ஜப்பானில் ஹிரோஷிமாவின் கதையும் இது போன்றதே. 1945-இல் அணுகுண்டு வீழ்ந்தபின், அந்த மண்ணில் நெடுங்காலம் புல்லும் முளையாது என்று பேசினர். அரளி முன்னதாகவே பூத்தது. 1973-இல் அதனைத் தம் நகரத்தின் மலராக அறிவித்தனர்.

இனி அரளியின் மறுபக்கம். இதனைச் சொல்லாமல் நடும் முறையை மட்டும் எழுதுவது முறையாகாது.

அரளி நஞ்சு. இலை, பூ, காய், பட்டை, வேர், பால் ஆகிய எல்லாப் பகுதியும் நஞ்சு. அதில் உள்ள ஒலியாண்டரின் என்னும் பொருள் இதயத்தின் துடிப்பைக் குலைப்பது. இலை காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை. பூங்கொத்தைச் செருகி வைத்த நீரிலும் நஞ்சு இறங்கும். சுள்ளியை எரித்தால் புகையும் தீங்கு செய்யும். ஆடுமாடுகள் பச்சை இலையின் கசப்பறிந்து பெரும்பாலும் ஒதுங்கிவிடும். காட்டோரக் குடியிருப்புகளில் கொல்லையை மேயும் புள்ளிமான்களும் அவ்வாறே. ஆனால் வெட்டிப் போட்ட தழை வாடியபின் புல்லோடு கலந்துவிட்டால் மாடு அதனைப் பிரித்தறியாது. ஒரு கைப்பிடி இலை போதும், கறவை மாட்டை இழப்பதற்கு.

2024 ஏப்ரல் மாத இறுதியில் கேரளத்தில், வெளிநாட்டுக்குப் பணிக்குப் புறப்பட்ட இளம் செவிலியர் ஒருவர் திடீரென நோயுற்று இறந்தார். வீட்டருகில் இருந்த அரளியின் இலையை அறியாமல் மென்றதே காரணமோ என்ற ஐயம் எழுந்தது. அதனையொட்டி மே 9-ஆம் நாள் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம், தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்கலாகாது என்று முடிவு செய்தது. துளசியும் வெட்சியும் ரோஜாவும் அதற்கு மாற்றாயின. உண்ணும் பொருளோடு சேராத பிற பூசைகளுக்குத் தடை இல்லை. மலபார் தேவஸ்வம் வாரியமும் அவ்வழியே சென்றது. இச்செய்தி நாளிதழில் வந்தபோது நான் சிப்பிகாட்டில் இருந்தேன். செடி அப்பொழுதுதான் இரண்டாம் ஆண்டுப் பூ விட்டிருந்தது.

அந்த வீட்டில் நடந்த வாதத்தை அப்படியே எழுதுகிறேன். தமக்கையாரின் இளைய பிள்ளைக்கு அப்பொழுது இரண்டு வயது. கையில் கிடைப்பது எல்லாம் வாய்க்குள் போகும் பருவம்.

"அத்தை, இந்தச் செடியை வெட்டிவிடலாம். பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் நான் என்ன செய்வேன்?" என்றார் தமக்கையார்.

"எங்கள் ஊரில் அரளி இல்லாத வீடு ஏதம்மா? நாங்கள் அதன் நடுவில் வளரவில்லையா?" என்றார் மாமியார். பின்பு சற்று நேரம் பேசாதிருந்து, "எங்களைப் பார்த்துக்கொள்ள அப்போது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். இங்கே நீ ஒருத்திதான்" என்று தாமே சொன்னார்.

குடிபெயர்ந்த குடும்பங்களின் நிலைமையை அந்த அம்மையார் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. ஊரில் பாட்டியும் அத்தையும் சித்தியும் இடைவிடாது சொல்லிக் காத்த எச்சரிக்கைகள் கடலைத் தாண்டி வருவதில்லை. செடியின் போத்து மட்டும் வந்துவிடுகிறது. அக்கம்பக்கத்தில் வங்காளக் குடும்பமும் தெலுங்குக் குடும்பமும் ராஞ்சியிலிருந்து வந்தோரும் இருப்பர். அவர்களுடைய ஆடுகளுக்கும் பிள்ளைகளுக்கும் யார் போய் எடுத்துரைப்பது?

செடியை வெட்டவில்லை, இடம் மாற்றினார்கள். கிணற்றடியிலிருந்து பெயர்த்து, சாலையோர வேலியின் மேட்டுப் பக்கத்தில், பிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்கு எதிர்ப்புறத்தில் நட்டார்கள். உட்புறம் இடுப்பளவு மூங்கில் தட்டி கட்டினார்கள். வேலிக்கு வெளியே ஆட்டுக்கு எட்டும் கிளைகளை நீக்கினார்கள். மூத்த பிள்ளைக்கும் அயல் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தியில் சொல்லி வைத்தார்கள். முற்றத்தில் வெட்சி வைத்தார்கள். அதனை நாம் இட்லிப்பூ என்போம். அதுவும் முருகனுக்கு உகந்ததே. அரளியளவு வறட்சி தாங்காது. பாத்திரம் கழுவிய நீர் சிறிது ஊற்றினால் கோடையைக் கடந்துவிடும். பிரசாதத் தட்டில் வெட்சி, மாலையில் அரளி என்பது இப்பொழுது அவ்வீட்டு வழக்கம். தவழும் குழந்தையும் அவிழ்த்துவிட்ட மாடும் உள்ள வீட்டில், தட்டி கட்ட இடமில்லையெனில், அரளியை விட்டு வெட்சியோடு நிற்பதே தக்கது என்பது என் கருத்து.

யாரேனும் அரளியை உண்டுவிட்டால் வாந்தியும் வயிற்றுவலியும் மயக்கமும் தோன்றும், நாடி தளரும். புளிக்கரைசல் கொடுப்பதும், விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டா. ஓர் இலையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சிப்பிகாட்டார்க்கு நகரத்து ஜி.பி. பந்த் மருத்துவமனை. அறிகுறி தோன்றட்டும் என்று காத்திருக்கலாகாது. இந்நஞ்சுக்கு மாற்று மருந்து உண்டு. ஆயினும் விலை மிகுந்தது, எல்லா இடத்திலும் கிடைப்பதன்று.

இவ்வளவும் அறிந்தபின் நட விரும்புவோர்க்கு முறை இது. அரளியை விதையிலிருந்து வளர்ப்பார் அரியர். போத்து வெட்டி நடுவதே வழக்கம். பென்சில் பருமனுக்குக் குறையாத, முற்றியும் முற்றாத கிளையில் ஒரு சாண் அளவு வெட்டி, அடியிலைகளை நீக்கி, மணல் கலந்த மண் நிரப்பிய பையில் ஊன்ற வேண்டும். வெட்டும்போது வடியும் பால் கண்ணிலோ புண்ணிலோ படலாகாது. கையுறை இல்லையேல் பழைய பாலிதீன் பையைக் கையில் சுற்றிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் ஆடிப்பட்டம் என்று சொல்வதை அந்தமானில் அப்படியே பின்பற்றக் கூடாது. அங்கே ஆடி மழையில் போத்து அழுகிவிடும். ஆவணியிலோ புரட்டாசியிலோ தாழ்வாரத்தின் கீழ்ப் பையில் வேர்விடச் செய்து, ஐப்பசியில் நிலத்தில் நடுவதையே தமக்கையார் கடைப்பிடிக்கிறார். கார்த்திகை, மார்கழி மழையில் வேர் ஊன்றிக்கொள்ளும்; தையில் வறட்சி தொடங்கும்போது செடி தன் காலில் நிற்கும்.

இடம் மேடாக இருக்க வேண்டும். ஓடும் நீரை அரளி பொறுக்கும். தேங்கும் நீரைப் பொறுக்காது. தாழ்ந்த கொல்லையாயின் முழங்கால் உயரத்துக்கு மண்ணை அணைத்து மேட்டுப்பாத்தி கட்டி அதன்மேல் நடுக. உப்பு ஏறிய ஐயம் உள்ளவர்கள் கராச்சர்மாவில் உள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தாரை அணுகி ஆலோசனை பெறலாம். செடிக்குச் செடி ஆறு அடி இடைவெளியும், நாள் முழுவதும் வெயிலும் தேவை. தென்னை நிழலில் வைத்தால் இலைதான் மிகும். முதற்கோடையில் மட்டும் வாரம் இருமுறை ஒரு குடம் நீர். செடியைச் சுற்றித் தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்து மண்ணில் புதைத்து வைத்தால் மழைக்காலத்து ஈரத்தை அவை நெடுநாள் காத்துத் தரும். அந்தமானில் மட்டைக்கா பஞ்சம்! இரண்டாம் ஆண்டு முதல் நீரை மறந்துவிடலாம். அன்பு மிகுதியால் நாள்தோறும் ஊற்றுவோர் வீட்டில் செடி தழைக்குமேயன்றிப் பூ குறையும். உரமும் அப்படியே, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கூடை மக்கிய சாணம் போதும்.

பூச்சித்தொல்லை மிகுதியில்லை. தளிரில் மஞ்சள் நிற அசுவினி மொய்த்தால் சோப்பு நீர் தெளித்துக் கழுவிவிடலாம். வாலில் கொம்பும் தலைப்பக்கத்தில் நீலக் கண்போன்ற புள்ளிகளும் கொண்ட பெரிய பச்சைப் புழு ஒன்று இலையைத் தின்னும். கையுறையிட்டுப் பொறுக்கிவிட வேண்டியதுதான். இலையடியில் வெள்ளித் தொங்கட்டான்போல் மின்னும் கூட்டைக் கண்டால் பறித்தெறிய வேண்டா. கருமை கலந்த பழுப்பு நிறச் சிறகுடைய ஒரு பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு அது. அதன் புழுக்கள் அரளி இலையைத் தின்று வளர்கின்றன.

புதுத்தளிரின் நுனியில்தான் பூ வரும்; ஆகையால் கவாத்து இன்றியமையாதது. பங்குனி, சித்திரைப் பூ ஓய்ந்ததும், மழை தொடங்குமுன் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட வேண்டும். வெட்டிய தழையை எரிக்கலாகாது, தொழுவத்தருகே குவிக்கலாகாது, எரு குழியிலும் கிணற்றருகிலும் போடலாகாது. மாடு எட்டாத மூலையில் இரண்டடி ஆழக் குழி தோண்டிப் புதைப்பதே தமக்கையாரின் வழக்கம். காய்ந்த குச்சியைப் பல் துலக்கவோ, கறி கோத்துச் சுடவோ, பிள்ளைகள் வில் செய்து விளையாடவோ கொடுக்கலாகாது.

ஒவ்வோர் ஆண்டும் ஆவணியில் அவ்வீட்டில் பைகளில் போத்து ஊன்றுகிறார்கள். செவ்வரளியோடு வெள்ளரளியும் ஒன்றிரண்டு உண்டு. வேண்டும் என்று கேட்டு வரும் அயலாரிடம் தமக்கையாரின் மாமியார் முதலில் கேட்பது, "வீட்டில் ஆடு மாடு உண்டா? சின்னப் பிள்ளை உண்டா?" என்பது. உண்டு என்பார்க்கு வெட்சிப் பையை எடுத்துக் கொடுக்கிறார்.